காத்திவாக்கம் உப்புக் கொட்டகைக்குத் தாத்தாவைக் கூட்டிப்போன வழி

சரோஜா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அக்காவுக்கும் வேண்டாம். படித்து, வழியை மனதில் வாங்கிக்கொண்டு, அடுப்பில் போட்டுவிடு. மாடி அறையில் சிம்னி விளக்கைத் தணித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே அம்மா விழித்திருக்கிறாள். அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு துறைமுகச் சுவர் ஓரமாக மாசிலாமணித் தாத்தாவைத் தேடிப் போயிருக்கிறார். தாத்தா எங்கே இருக்கிறார் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் உன் அப்பாவின் அத்தையை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று நேற்றுக் கேட்டாய். நான் இன்று போய்ப் பார்த்து வந்துவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். எந்த பஸ், என்ன கூலி, அங்கே எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் இதில் இருக்கும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும்.

மாசிலாமணித் தாத்தா எங்களுக்குச் சொந்தமில்லை. யுத்தத்துக்கு முன்னால் அப்பா ரங்கூனில் மிளகாய்க் கடை வைத்திருந்தபோது அங்கே சமையல்காரராக இருந்தவர். பிறகு பர்மா எல்லையின் அரக்கான் காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். இராயபுரத்தில் எங்கள் மண்டியின் பின்கட்டில், கோணிகளுக்கு நடுவே, ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வுமாக இருந்தார். இரண்டு வருஷமாகப் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. போன மாதம் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். ஒரு மூட்டை எரிந்தது. மிளகாய் மூட்டை. தெருவே இருமியது.

அப்பா கெட்டவர் இல்லை, சரோஜா. தாத்தாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருமகன் இருப்பதாக நம்புகிறார். திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் வாங்கி, புது வேட்டியும் வாங்கி வைத்துவிட்டார். ஆனால் அந்த மருமகன் காட்டு வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று தாத்தா என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். வேறு சில நாட்களில், 'மருமகன் ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருவான்' என்றும் சொல்வார். அப்பா அந்த இரண்டாவது பேச்சைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை ஏற்றிவிட்டால், கண் தெரியாதவர் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி நின்றுகொண்டே இருப்பார். எனக்கு அந்த ஸ்டேஷன் கனவில் வந்துவிட்டது. அதில் ஆளே இல்லை. விளக்குக் கம்பம் மட்டும் இருந்தது.

நம் வகுப்பு பிலோமினாதான் உப்புக் கொட்டகையைப் பற்றிச் சொன்னாள். ஒரு உப்பு வியாபாரி தன் பழைய கிடங்கைக் காத்திவாக்கத்தில் வயதானவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். மழைக்கு முன்னால் கூரையையும் அவரே வேய்ந்து தருகிறார். சிஸ்டர்கள் செவ்வாயும் வெள்ளியும் மருந்துப் பெட்டியோடு வருகிறார்கள். காலைக் கூழும் அவர்கள் பொறுப்பு. ராச்சாப்பாடு பக்கத்து மீனவர் குப்பத்தின் பொறுப்பு. 'கட்டுமரம் திரும்புற நேரத்துக்குக் கொண்டுபோய் வாசல் கல்லில் உட்கார வை, மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க' என்றாள். அந்த மிச்சம் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று அரைநாள் பள்ளி முடிந்ததும், வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, பின்சந்து வழியாக மண்டிக்குப் போனேன். தாத்தா பாயில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சில நாள் அவர் இன்னும் ரங்கூன் படகுத்துறையில் இருப்பதாகவே நினைத்துப் பேசுவார். "தாத்தா, படகு வந்தாச்சு" என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கல்மண்டபம் ஸ்டாப்பில் ஒரு மணிக்குத் திருவொற்றியூர் பஸ் வந்தது. ஆளுக்கு இரண்டரை அணா. படி உயரம். வயதானவர்களை இடது கால் முதலில் வைக்கச் சொல், வலது பக்கம் பிடிக்கக் கம்பி இருக்கிறது. கண்டக்டர் வாய் ஓயாதவர், ஆனால் நல்லவர்.

"ஏறு பெர்சு, ஏறு. பொண்ணு பாக்கவா போறே, இம்மாம் நிதானமா?"

"ஆமா, உனக்குத்தாம்ல பாக்கப் போறேன்" என்றார் தாத்தா. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் ஒரு மூட்டைக்காரனை எழுப்பி எங்களுக்கு இடம் கொடுத்தார். வலது பக்கம் உட்கார். கடல் அந்தப் பக்கம்தான், வீடுகளுக்கு இடையே விட்டுவிட்டுத் தெரியும்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் தாத்தா ரங்கூனுக்குள் போய்விட்டார். "டல்லா தாண்டியாச்சா பிள்ள?" என்று கேட்டார். டல்லா என்பது ரங்கூன் ஆற்றுக்கு அக்கரை. "இன்னும் இல்ல தாத்தா" என்றேன். காலடிப்பேட்டையில் பஸ் நின்றபோது, "இது மீன் ஜெட்டி. இங்கன ஒரு பர்மாக்காரி வாழையிலையில சோறு விப்பா. தலையில பூ வச்சிருப்பா பாரு" என்றார். பார்த்தேன். நிஜமாகவே ஒருத்தி பூ வைத்துக்கொண்டு இறால் கூடையோடு நின்றாள். அதற்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ரோடு மறைந்துவிட்டது. வெயில் தண்ணீர் மாதிரி அசைந்தது. புகைபோக்கிகள் கப்பல்களாக நின்றன. தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்த மருந்து வாசனையைத் தாத்தா ஊதுவத்தி என்றார், புத்தர் கோயில் பகோடாவில் ஏற்றுகிறார்களாம். நான் மறுக்கவில்லை.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கும்போது ஒன்றே முக்கால். நாலு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம்தான், ஆனால் வழியெல்லாம் நிறுத்தம். தேரடியில் ஜட்கா நிற்கும். முதல் வண்டிக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். பேசாமல் நடக்கிற மாதிரி நட. இரண்டாவது வண்டிக்கார பாய், போகவர ஒரு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார், காத்திருப்பதும் சேர்த்து.

"எவ்ளோ நேரம்னாலும் நிக்கிறேன் பாப்பா. குதுரைக்குத்தான் பேஜாரு, அதுக்குப் புல்லு வோணும்" என்றார்.

காத்திவாக்கம் அங்கிருந்து நாலு மைல். இந்தப் பகுதிதான் அழகு. வலது பக்கம் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் கடல். இடது பக்கம் உப்பு வயல்கள், பாத்தி பாத்தியாக வானத்தைப் பிடித்து வைத்த மாதிரி. ஒரு பாத்தியில் மேகம், அடுத்த பாத்தியில் மேகமில்லை. நாரைகள் நடுவே நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தன. குதிரையின் குளம்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த அமைதியில் பொய்யை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"தாத்தா, படகு இல்ல. நான் உங்கள வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"தெரியும்லா. எந்தப் படகுளா ரோட்டுல குதிரை கட்டிப் போவும்?"

"அப்ப ஏன் டல்லா டல்லான்னு கேட்டுட்டே வந்தீங்க?"

"சும்மாதான். கேக்க நல்லாருக்குல்லா."

எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை டிக்கெட்டையும் சொன்னேன். அவர் துண்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "ஒங்கப்பன் நல்லவன். அவன்கிட்ட நான் ஒரு மாதிரி சொன்னா, அவன் ஒரு மாதிரி கேப்பான்" என்றார். பிறகு, "அங்கன அடுப்பு உண்டா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "பாப்போம்" என்றார்.

கொட்டகை காயல் பக்கம் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், ஓலைக் கூரை. உள்ளே இருபக்கமும் கயிற்றுக் கட்டில்கள். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, தொட்டால் மாவு மாதிரி உதிரும். நான்கு கிழவிகள் கருவாடு காயும் இடத்தில் நீளக் கழிகளால் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மடியில் யார் வீட்டுக் குழந்தையோ தூங்கியது. ஞானம்மா என்ற கிழவி எங்களைப் பார்த்ததும் வாசல் கல்லைக் காட்டினாள். அதில் தாத்தாவை உட்கார வைத்தேன்.

மூன்று மணிக்குக் கட்டுமரங்கள் வந்தன. காற்று பாய்களை இழுத்து வந்து கரையில் போட்டது. பெண்கள் கூடைகளோடு கொட்டகையைக் கடந்து போனார்கள். ஒவ்வொருத்தியும் கல்லில் இருந்த புது ஆளைப் பார்த்தாள். சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தி நின்றாள். நாற்பது வயது இருக்கும், கணுக்கால் வரை ஈர மணல். தாத்தாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து சாண் நீள வெள்ளி மீன் ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அது கெழங்கா மீன் என்று பிறகு சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் மீன் வாங்கி நான் பார்த்ததில்லை, நாங்கள் சைவம் என்று உனக்கே தெரியும். ஆனால் பண்டம் வாங்குவது தெரியும். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும்போதே சொல்லிக்கொடுப்பார்கள்: யார் பண்டத்தையும் சும்மா கையில் வைத்திருக்கக் கூடாது, எடுத்தால் விலை கொடு, இல்லையென்றால் திருப்பிக் கொடு. தாத்தா மீனைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் மரியாதையாக நாலணாவை எடுத்து அந்தப் பெண்ணின் கூடை ஓரத்தில் வைத்தேன்.

அவள் நாணயத்தைப் பார்த்தாள். "இன்னாமே இது?"

"மீனுக்கு" என்றேன். "போதாதா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னால் வந்த பெண்களும் கல்லைப் பார்க்காமல் போனார்கள். கரை காலியானது. ஞானம்மா வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள்.

"அடிப் பாவிப் பொண்ணே. கைமீனுக்கு வெல கட்டிட்டியே!"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கொட்டகையில் ராச்சமையல் கிடையாது. ஒவ்வொரு வயதானவரும் ஒரு குடிசையைச் சேர்ந்தவர். எந்தக் குடிசைக்காரி கையில் மீன் வைக்கிறாளோ அந்த வீட்டில்தான் ராச்சோறு. காய்ச்சல் என்றால் அவள் வருவாள். கடைசியில் தூக்கிப்போவதும் அந்த வீட்டு ஆண்கள். விளக்கு வைப்பதற்குள் கைமீன் விழாத ஆளை வைத்துக்கொள்ள முடியாது, பட்டினி போட்ட பழி வரும்.

"வேற யாராவது வைக்க மாட்டாங்களா பாட்டி?"

"அஞ்சல வெச்ச கையில வேற எவளும் வெக்க மாட்டா. அவளும் மறுக்கா வெக்க மாட்டா. நீதான் துட்டு குட்த்து வாங்கிகினியே. வூட்டுக்கு இட்டுகினு போயி கொழம்பு வை, போ."

சரோஜா, ஒரு நாலணாவால் தாத்தாவைத் திங்கட்கிழமை ரயிலில் நானே ஏற்றிவிட்டேன். அவரோ மீனை முகர்ந்து பார்த்துக்கொண்டு, "பச்சை மீனுளா, நல்ல மீனு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன் வைத்த அஞ்சலையின் குடிசை கிணற்றுக்குப் பின்னால் மூன்றாவது. வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"அக்கா, தெரியாம செஞ்சுட்டேன்."

"இன்னா, பாக்கி சில்லறை வோணுமா?"

"இல்லக்கா."

"நாலணாவுக்கு ஒரு கெழங்கா. நல்ல வெலதான். கடக்காரு வூட்டுப் பொண்ணா நீ?"

"ஆமா. மிளகாய் மண்டி."

"அதான் காரமா கீது." உரித்த இறாலைச் சட்டியில் போட்டாள். "எங்க மாமியா செத்து ரெண்டு மாசமாச்சு. அந்தக் கெழவி குந்தின எடத்துல குந்திகினு நாளெல்லாம் என்னத் திட்டிகினே இருக்கும். இப்ப திட்ட ஆளில்லாம சோறே எறங்கல. அதான் உங்க கெழவனாருக்கு வெச்சேன். நீ துட்ட நீட்டிட்டே."

நின்ற இடத்திலேயே அழுதேன். அவள் அதையும் பார்த்தபடி இன்னொரு இறாலை உரித்தாள்.

"உங்க தாத்தா திட்டுவாரா?"

"உப்பு குறைஞ்சா திட்டுவார். சமையல்காரர்."

"நெசமாவா?"

"பாத்திரத்தைக் கவுத்துடுவார்."

அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. எழுந்து உள்ளே போய், ஒரு அலுமினியத் தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குழம்பில் மீன். "வாடிக்கக்காரி எங்க வூட்ல குந்தித் துன்ன மாட்டா. துன்னவ குட்த்த துட்டு வெலையும் இல்ல. துன்றியா, போறியா?"

நம் வகுப்பில் யாராவது மீன் கொண்டுவந்தாலே நான் பெஞ்சு மாறி உட்காருவேன், உனக்குத் தெரியும். உட்கார்ந்தேன். அது வாயில் கரைந்தது. புளியும் மிளகாயும் எனக்குப் பழக்கமானவை, எங்கள் மண்டியின் வாசனைதான். நடுவே தெரியாத ஒன்று மெத்தென்று இருந்தது. காற்றில் உப்பு, தட்டில் உப்பு, கண்ணிலும் உப்பு. எங்கோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. தட்டைக் காலி செய்தேன். முள்ளை எப்படி எடுப்பது என்று அஞ்சலைதான் காட்டித் தந்தாள்.

"உன் பேரு இன்னா?"

"காந்திமதி."

"மாசத்துக்கு ஒரு தபா வந்து தாத்தாவப் பாக்கணும். வரலேன்னா மண்டிக்கே வந்து சத்தம் போடுவேன், ஆமா." நாலணாவை என் கையில் திணித்தாள். "இத்தக் குதுரைக்குப் புல்லு வாங்கச் சொல்லு."

இருவரும் கல்லுக்கு வந்தோம். அவள் தாத்தாவின் கையிலிருந்த மீனை எடுத்து, ஒருமுறை தன் கூடையில் போட்டு, திரும்பவும் எடுத்து அவர் கையில் வைத்தாள். ஞானம்மா மறுபடி வெற்றிலை இடிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு மீனு ஆவுமான்னு கேக்கலியே தாயி" என்றார் தாத்தா.

"ஆவாதா?"

"அரக்கான் காட்டுல என்னத்தையெல்லாமோ தின்னேன். மீனு அதுக்கெல்லாம் மேல. உப்பு மட்டும் சரியா போட்டுரு."

"வந்தவொடனே அதிகாரத்தப் பாரேன்!" என்றாள் அஞ்சலை. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கிளம்பும்போது நாலரை. காயல் முழுக்க வெளிச்சம் மஞ்சளாகப் பரவியிருந்தது. இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நகராமல் நின்றார்கள். தாத்தா என் தலையைத் தடவித் தேடிக் கையை வைத்தார். "டல்லா வந்துட்டு பிள்ள. நீ அடுத்த படகுல போ" என்றார். ஜட்கா திரும்பும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் முகத்தைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். உப்பு வயல்களில் இப்போது வானம் சிவப்பாக இருந்தது. தேரடியில் ஐந்தரை பஸ் கிடைத்தது. ஆறேகாலுக்கு வீட்டில் இருந்தேன்.

இனி உனக்கு வேண்டிய குறிப்புகள். மொத்தம் இரண்டு ரூபாய் எடுத்துக்கொள், போதும், கொஞ்சம் மிஞ்சும். ஒரு போர்வை கொண்டுபோ, காயல் காற்று ராத்திரியில் குளிரும். சனிக்கிழமைதான் நல்லது, ஞாயிற்றுக்கிழமை கட்டுமரம் போவதில்லை. உன் அத்தைப்பாட்டி உட்கார்ந்ததும் நீ பத்து அடி தள்ளி நின்றுகொள், பேச்சுக் கொடுக்காதே. யார் வைத்தாலும் அதுதான் வீடு, நல்ல குடிசையா என்று எட்டிப் பார்க்காதே. மீன் விழுந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள். பணத்தை எடுக்கவே எடுக்காதே. அவள் சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடு. வாசனை போக நான் புளி தேய்த்தேன், அடுப்புச் சாம்பல் தேய்த்தேன், இன்னும் விரலில் இருக்கிறது. எலுமிச்சைத் தோல் கொண்டுபோ.

இதுவரை எழுதியதை மாலையிலேயே யோசித்து வைத்திருந்தேன். இப்போது எழுதப்போவதை யோசித்து வைக்கவில்லை.

விளக்கு வைத்த நேரத்தில் மண்டி ஆள் ஓடிவந்து தாத்தாவைக் காணோம் என்றான். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து அப்படியே எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு லாந்தரை எடுத்தார். அவர் போன பிறகு அம்மா சொன்னாள், "ரங்கூன்ல குண்டு போட்டப்ப கப்பல்ல ஒரு ஆளுக்குத்தான் எடம் இருந்துச்சாம். தாத்தாதான் உங்கப்பாவ ஏத்திவிட்டுட்டு நடந்து வந்தாரு. சொந்தக்காரங்ககிட்ட நல்லபடியா ஒப்படைச்சுட்டா அந்தக் கடன் தீரும்னு அப்பா நெனச்சாரு." எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

சற்று முன்னால் துறைமுகப் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அண்ணாச்சி! அண்ணாச்சி!" அப்பா யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடுகிறார், சரோஜா. தாத்தா தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறார்.

திங்கட்கிழமை ரயில் போகும்வரை வாயைத் திறப்பதில்லை என்று சாமி முன்னால் முடிவு செய்திருந்தேன். சொன்னால் அழைத்து வந்து ஏற்றிவிடுவார். சொல்லாவிட்டால் இரண்டு ராத்திரி இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அஞ்சலையைப் பற்றிச் சொன்னால், அவள் என்ன வாங்கிக்கொண்டாள் என்றுதான் அப்பா முதலில் கேட்பார். ஒன்றும் வாங்கவில்லை என்பதை ஒரு மண்டிக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? அவரையே அங்கே கூட்டிப்போய், அந்தக் கல் பக்கத்தில் நிற்கவைத்து, அஞ்சலையை அவருக்கும் தட்டில் சோறு போடச் சொன்னால்தான் முடியும். நாளைக்கே. நான் பக்கத்தில் இருந்தால் அவர் உட்காரக்கூடும்.

ஆகவே உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை மட்டும் நான் செய்தது போலச் செய்யாதே. போவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் சொல்லி

கதவு தட்டுகிறார்கள். மாடிக் கதவு. லாந்தர் வெளிச்சம் கீழே இடுக்கு வழியாக வருகிறது. அப்பா என் பெயரைச் சொல்கிறார், குரல் கம்மியிருக்கிறது. நான் திறந்து, எல்லாவற்றையும்